நகுலன் என்னும் பெயர்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இவ்வாண்டு விழாவில் இளைஞர் சார்பாக ஒருவர் அரைமணி நேரம் பேச வேண்டுமென்று செயற்குழு தீர்மானித்தது. பேசும் பொருளை எம்மிடமே விட்டுவிட்டார்கள். 'கல்வியின் சிறப்பு', 'ஒழுக்கம் உயர்வு தரும்', 'இளைஞரும் சமயமும்' ஆகிய பொருள்கள் முன்னைய ஆண்டுகளிலே பேசித் தீர்ந்தன. அவற்றைப் பேசியவர்கள் எம்மிலும் மூத்தவர்கள், எம்மிலும் ஒழுக்கமுள்ளவர்கள். ஆகவே எமக்கு ஓரளவேனும் தெரிந்த பொருளைப் பேசுவதே தப்பிக்கும் வழியெனக் கண்டு, எமது பெயரையே பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம். இதைத் தற்பெருமை என எண்ணிவிடாதீர்கள். சில மாதங்களுக்கு முன் இப்பெயரை விட்டுவிட இருந்தவர்கள் நாம். அதற்கான சத்தியக் கடதாசியும் எழுதி, சமாதான நீதவானின் கையொப்பம் ஒன்றே குறையாகச் சட்டைப் பையில் வைத்திருந்தோம். அக்கதையைப் பிறகு சொல்வோம்.

நம்மூரிலே பாரதக் கதை தெரியாத பிள்ளை கிடையாது. ஆடி மாதத்திலே திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்புக்குக் கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் சனம் வந்து குவியும்போது, தோளிலே ஏறியிருந்து பார்த்த பிள்ளைகள் அல்லவா நாமெல்லாம்? வீமன் கதை ஒன்று சொல் என்றால் நடக்கத் தெரிந்த பிள்ளையும் சொல்லும். அருச்சுனன் கதை சொல் என்றால் ஐந்து சொல்லும். நகுலன் கதை ஒன்று சொல் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை விழிக்கும், பிள்ளையின் தகப்பனாரும் விழிப்பார்.

பஞ்ச பாண்டவர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, கட்டில் கால் போல மூன்று பேர் என்று சொல்லி, இரண்டு விரலைக் காட்டி, ஒன்று என்று எழுதிய புத்திசாலியின் கதையை நீங்கள் அறிவீர்கள். ஐந்து பேர் ஒருவராகக் குறைந்த அந்தக் கணக்கிலே முதலில் கழிந்துபோனவன் யார் என்று நாம் ஆராய்ந்ததுண்டு. சந்தேகமேயில்லை, நகுலன்தான். அவனுக்குப் பின் பிறந்த சகாதேவனுக்குக்கூடத் தமிழ்நாட்டிலே பெரும் பேர் இருக்கிறது. சாத்திரம் வல்லவன் அவன். வில்லிபுத்தூரார் பாரதத்திலே, தூது போக நின்ற கண்ணனையே அன்பினாற் கட்டிப்போட்டவன் அவன். இராசசூய யாகத்துக்குத் திறை கொள்ளத் தென்றிசைக்கு வந்து, இலங்கையிலிருந்த விபீடணனிடமும் ஆளனுப்பித் திறை பெற்றவனும் அவனே. நகுலனோ மேற்றிசைக்குப் போனான். பத்தாயிரம் ஒட்டகங்கள் சுமக்க மாட்டாமற் சுமந்துவந்த பொருளைக் கொணர்ந்தான் என்று வியாச பாரதம் கூறுகின்றது. இருந்தென்ன? ஒட்டகம் நம்மூர்ப் பக்கம் வரவில்லை. அவன் புகழும் வரவில்லை.

பெயர் அருமையாக இருந்தால் அதைச் சுமப்பவனுக்கு என்ன நேரும் என்பதை ஆறாம் வகுப்பிலே கண்டோம். அவ்வாண்டு நகரத்து மிஷன் பாடசாலை ஒன்றிலே எம்மைச் சேர்த்தார்கள். வகுப்பாசிரியர் மிக நல்லவர். ஆங்கில இலக்கணத்தை எம் தலையில் ஏற்றியவர் அவரே. இன்று நாம் பல்கலைக்கழகத்தில் இருப்பதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் எமது பெயர் அவர் வாயில் நுழையவில்லை. முதல் நாளே 'நிக்கலஸ்' என்று அழைத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அவர்கள் எமது உண்மைப் பெயரைக் கண்டுபிடித்தபோது இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நகுதல் என்றால் சிரித்தல் என்று தமிழ்ப் பாடத்திலே அப்பொழுதுதான் படித்திருந்தோம். சிரிக்கத்தக்கவன் நகுலன் என்று ஒருவன் புணர்த்திக் காட்டினான். இன்னொருவன் அகராதியைப் பார்த்து, நகுலம் என்றால் கீரி என்று கண்டுபிடித்துவிட்டான். அன்று முதல் கீரி என்பது எமக்குப் பட்டப் பெயராயிற்று. கீரியாக இருப்பதிலும் நிக்கலஸாக இருப்பது மேல் என்று தோன்றாதா, நீங்களே சொல்லுங்கள்.

நிக்கலஸ் நல்ல பெயர்தான். கிரேக்க மொழியிலே வெற்றி என்பதும் மக்கள் என்பதும் சேர்ந்து பிறந்தது. இன்று துருக்கியாக இருக்கும் நாட்டிலே, மீரா என்னும் ஊரில் நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் ஒருவரின் பெயர் அது. மேனாட்டார் திசம்பர் 6-ந் தேதி அவரைக் கொண்டாடுவர். நத்தார்த் தாத்தாவாகப் பிள்ளைகளுக்குப் பரிசு சுமந்து வருபவரும் அவரிடமிருந்து கிளைத்தவரே. பரிசு தரும் பெயரை யார் வெறுப்பார்? நாளடைவிலே வகுப்பு இடாப்பில் அப்பெயரே ஏறிற்று. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பியபோது இடாப்பைப் பார்த்து எழுதினார்கள். நாமும் மறுபேச்சின்றிக் கையொப்பம் வைத்தோம். அதில் எமது குற்றமும் உண்டு என்பதை இச்சபையிலே ஒப்புக்கொள்கிறோம். ஆறு நாட்கள் நிக்கலஸாக இருந்து, சனி ஞாயிறில் ஊர் வந்தால் நகுலனாக இருந்தோம். ஆறும் இரண்டும் எட்டாகிறதே, வாரத்துக்கு ஏழு நாட்கள்தானே என்று கேட்காதீர்கள். சனிக்கிழமை காலையில் பஸ் ஏறும்வரை நிக்கலஸ், முந்தலில் இறங்கிய பிறகு நகுலன்.

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது தொல்லை பிடித்துக்கொண்டது. பிறப்புச் சான்றிதழிலே ஒரு பெயர், பரீட்சைச் சான்றிதழிலே வேறு பெயர். இரண்டில் ஒன்றை மற்றதற்கேற்பத் திருத்திக்கொண்டு வாரும் என்றார்கள். எதைத் திருத்துவது என்று நாம் நெடுநேரம் யோசிக்கவில்லை என்பதுதான் வெட்கம். பிறப்புச் சான்றிதழைத் திருத்துவதே எளிது என்று எண்ணினோம்.

திருத்தப் போகும் பெயருக்கு என்னதான் பொருள் என்று பல்கலைக்கழக நூல்நிலையத்திலே ஒருநாள் மாலை பொழுது போகாமற் புரட்டியதுதான் இப்பேச்சுக்கு வித்து. ஒரு மாலை என்று தொடங்கியது இரண்டு மாதமாயிற்று. அங்கே கண்டவற்றுட் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பாணினி முனிவர் தம் இலக்கணத்திலே ஆறாம் அத்தியாயத்தில் ஒரு சூத்திரம் செய்திருக்கிறார். இல்லை என்னும் பொருள்தரும் 'ந' என்ற எழுத்து, சொல்லின் முன்னே வரும்போது வழக்கமாகத் தேய்ந்து 'அ' ஆகும். நியாயம் அல்லாதது அநியாயம் ஆவது போல. அவ்வாறு தேயாமல் நிற்கும் சொற்கள் சிலவற்றை அவர் அச்சூத்திரத்திலே அடுக்குகிறார். அவ்வரிசையில் நகுலன் இருக்கிறான். ந, குலம்: குலம் இல்லாதது நகுலம் என்று உரைகாரர் பிரிப்பர். குலமில்லாதவன் என்று ஒரு பாண்டவனுக்குப் பெயரா என்று திடுக்கிட்டோம். குலத்திலே தனக்கு நிகரில்லாத அழகன் என்று வேறு வகையாகப் பொருள் விரிப்போரும் உண்டு. அது எமக்குப் பிடித்திருந்தது, ஏனென்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு வேடிக்கை பாருங்கள். அதே சூத்திரத்தில் நகுலனுக்குச் சற்று முன்பாக நாசத்தியர் என்னும் பெயர் வருகிறது. நாசத்தியர் என்போர் அசுவினி தேவர்கள். நகுல சகாதேவருக்குத் தெய்வத் தந்தையர். தகப்பனாரும் பிள்ளையும் ஒரே சூத்திரத்திலே, இலக்கண விதிக்கு அடங்காதவர்களின் பட்டியலில் நிற்கிறார்கள்.

இனிக் கீரிக்கு வருவோம். கீரி என்று கேலி செய்த நண்பன் இங்கிருந்தால் நன்றாயிருக்கும். அவன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். தமிழிலே கீரிக்கு மூங்கா என்றொரு பழம் பெயர் உண்டு. தொல்காப்பியத்து மரபியலிலே, குட்டி என்று சொல்லத்தகும் உயிர்களைக் கூறுமிடத்து மூங்காவும் வருகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் முங்கிசை, முங்கிசி என்பன போல வழங்குவதும் அதன் இனமே. மராட்டியர் வாயிலும் அச்சொல் புகுந்து, மேற்குக் கரையிலே வந்திறங்கிய ஐரோப்பியர் வாய்க்கு மாறி, ஆங்கிலத்திலே 'மங்கூஸ்' ஆயிற்று. எம்மைப் பார்த்து மங்கூஸ் என்று ஆங்கிலத்திலே கத்தியவனும் தன்னையறியாமல் நம் இனச் சொல்லையே கத்தியிருக்கிறான்.

தமிழர் கீரியை வெறுங் கீரி என்று விடுவதில்லை, கீரிப்பிள்ளை என்பர். அணிலும் தென்னங்கன்றும் அவ்வாறே பிள்ளைகளாயின. பிள்ளையைக் காத்த கீரியைப் பிழையாக எண்ணிக் கொன்ற பார்ப்பனியின் கதை பஞ்ச தந்திரத்திலே வருவது உங்களுக்குத் தெரியும். அப்பெண்ணின் பழி தீரக் கோவலன் பொருள் கொடுத்து உதவினான் என்று சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை சொல்கிறது. கீரிக்கும் பாம்புக்கும் உள்ள பகையை நாம் பழமொழியாகவே வைத்திருக்கிறோம். அதர்வ வேதமோ வேறொன்று சொல்கிறது: பாம்பைத் துண்டித்த கீரி அதனை மீண்டும் பொருத்துவது போலப் பிரிந்த காதலைப் பொருத்துக என்று மருந்துச் செடி ஒன்றை வேண்டும் மந்திரம் அதில் உண்டு. வடமொழி வைத்தியர் நாகுலி என்று பெயரிட்ட மூலிகையைச் சர்ப்பகந்தி என்று கொள்வர். அதன் வேரிலிருந்து 1952-ல் ரெசர்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இரத்த அழுத்தத்துக்கு அது உலகெங்கும் பயன்பட்டது. கீரி விஷத்துக்கு மூலிகை தேடித் தின்னும் என்பது ஊர்ப் பேச்சு. இன்றைய உயிர்நூலார், பாம்பு விஷம் வந்து பற்றும் இடமே கீரியின் தசையிலே சற்று மாறி அமைந்திருப்பதாற் பல பாம்புகளின் நஞ்சு அதனை எளிதில் வெல்வதில்லை என்று கண்டிருக்கிறார்கள்.

குபேரனை எடுத்துக்கொள்ளுங்கள். இராவணனுக்கு முன் இந்த இலங்கையை ஆண்டவன் அவன் என்பது புராணம். பழைய சிற்பங்கள் பலவற்றிலே அவன் கையில் ஒரு கீரி இருக்கும். பௌத்தர் சாம்பலன் என வணங்கும் வடிவிலே அக்கீரி இரத்தினங்களைக் கக்கும். கீரித்தோற் பை காசுப்பையாக இருந்த காலத்து நினைவு அது என்பர் அறிஞர். பணப்பைக்கு நகுலகம் என்றே வடமொழியில் ஒரு பெயர் உண்டு. ஆகவே இச்சங்கத்தின் பொருளாளர் பதவிக்கு அடுத்த ஆண்டு ஒரு பெயரை முன்மொழிய விரும்புவோர் இதனை மனத்திற் கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குச் சென்றவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கீரி முகத்தோடிருந்த நகுல முனிவர் அவ்வூற்றிலே நீராடித் தவஞ்செய்து மனித முகம் பெற்றார் என்பது தல வரலாறு. அவர் வழிபட்ட பெருமான் நகுலேஸ்வரர், அம்மை நகுலாம்பிகை. நமக்கு அண்மையிலுள்ள முன்னேஸ்வரம் போல அதுவும் ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களில் ஒன்று. பறங்கியர் காலத்தில் இடிந்தது. 1990-ல் போரிலே குண்டு வீழ்ந்து சிதைந்தது. மீண்டும் எழுந்து நிற்கிறது. வடக்கிலே நகுலேஸ்வரன், நகுலேசன், நகுலேந்திரன் என்று எத்தனையோ பேர் இருப்பது அதனாலேயே. நகுலன் என்று மட்டும் நிற்பவர் அங்கும் சிலரே. அதே ஊற்றிலே நீராடித் தன் குதிரை முகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியால் மாவிட்டபுரம் பெயர் பெற்றதென்பர். கீரி முகம் நீங்கிய இடமும் குதிரை முகம் நீங்கிய இடமும் ஒன்றாயிருப்பது எமக்கு வியப்பாக இருந்தது. ஏனெனில் பாரதத்து நகுலன் குதிரைக்காரன்.

மறைந்துறைந்த ஓராண்டில் அவன் கிரந்திகன் என்று பெயர் சொல்லி விராட மன்னனின் குதிரைகளைக் காத்தான். குதிரை வைத்தியம் பற்றிய வடமொழி நூல் ஒன்றே நகுலன் செய்ததாக வழங்குகிறது. தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையத்தார் அசுவ சாஸ்திரம் என்று 1952-ல் படங்களோடு அதனை அச்சிட்டார்கள். நம்மூரிலே குதிரைக்கு எங்கே போவது? குதிரை பார்க்க நெடுந்தீவுக்குப் போகவேண்டும். நம் புத்தளத்துப் பக்கம் தெருவிலே திரிபவை கழுதைகள்.

மறைந்துறைந்த நாளிலே அவர்கள் ஐவரும் தமக்குள் வைத்துக்கொண்ட இரகசியப் பெயர்களும் உண்டு: செயன், செயந்தன், விசயன், செயத்சேனன், செயத்பலன். ஐந்தும் வெற்றிப் பெயர்கள். நகுலனுடையது செயத்சேனன், வெல்லும் சேனையுடையவன். நிக்கலஸ் என்றால் வெற்றியும் மக்களும் என்று முன்னே சொன்னோம் அல்லவா? எமது வகுப்பாசிரியர் எம்மை ஐந்தாண்டு காலம் மறைந்துறையும் பெயராலே அழைத்திருக்கிறார், பாவம், தெரியாமல்.

நகுலனுக்கு ஒரு குறையும் சொல்வதுண்டு. அழகன் என்ற எண்ணம் அவனை விட்டதில்லை. காட்டுக்குப் போகும்போது வழியிலுள்ள பெண்களின் மனத்தைக் கவராதிருக்க உடம்பெங்கும் புழுதி பூசிக்கொண்டு போனான் என்று சபா பருவத்திலே வருகிறது. இதைப் படித்தபோது நூல்நிலையத்தில் உரக்கச் சிரித்து வெளியே அனுப்பப்பட்டோம். கடைசி யாத்திரையிலே திரௌபதியும் சகாதேவனும் வீழ்ந்தபின் அவன் வீழ்ந்தான். ஏன் வீழ்ந்தான் என்று வீமன் கேட்க, அழகில் எனக்கு நிகர் யாருமில்லை என்று நினைத்தான், அதனால் என்று தருமன் விடை சொல்லித் திரும்பிப் பாராமல் நடந்தான். சபையோரே, எமது முகத்தைப் பார்க்கிறீர்கள். எமக்கு அந்த ஆபத்து இல்லை.

இவ்வளவும் படித்துக் களித்த பிறகும் எமது எண்ணம் மாறவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? படிப்பு வேறு, பத்திரம் வேறு. வேடிக்கையான பெயர்தான், ஆனாலும் எதற்குத் தொல்லை என்றே இருந்தோம். போன சித்திரை விடுமுறையில் சத்தியக் கடதாசியோடு ஊர் வந்தோம். தகப்பனார் கரைவலைக்குப் போயிருந்தார். பாட்டியார் கொல்லைப் புறத்திலே மீன் கழுவிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கிலே விஷயத்தைச் சொன்னோம். அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்து, "அப்படியென்டா உங்க தாத்தா இத்தனை வருசமா யாரைக் கூப்பிட்டாரு?" என்று கேட்டார்.

எமது பாட்டனார் கரைவலைத் தொழிலாளி. அம்பாவுக்கு முதலடி எடுத்துக் கொடுத்தால் மடி தானாகக் கரையேறும் என்று சொல்வார்களே, அத்தகைய குரல். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். தொழிலில்லாத வாடைக் காலத்திலே வசன பாரதம் ஒன்றைத் திண்ணையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பார். நாம் பிறந்த ஆண்டும் அவ்வாறே வாசித்தாராம். நகுலன் என்று எமக்குப் பெயரிட்டது அவரே என்பது தெரியும். ஏன் இட்டார் என்று நாம் கேட்டதில்லை. பாரதம் வாசித்தார், பெயரிட்டார், அவ்வளவுதான் என்றே எண்ணியிருந்தோம்.

அதற்கு முன் இக்கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வனவாசத்தின் முடிவிலே தாகத்தால் வாடிய பாண்டவர்க்குத் தண்ணீர் கொணர முதலிற் பொய்கைக்குப் போனவன் நகுலன். தன் கேள்விக்கு விடை சொல்லாமற் குடிக்காதே என்று யட்சன் தடுத்தும் குடித்து விழுந்தான். பின்னாலே சகாதேவன், அருச்சுனன், வீமன். கடைசியாக வந்த தருமன் கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்னான். மகிழ்ந்த யட்சன், நால்வரில் ஒருவனை மட்டும் எழுப்பித் தருகிறேன், யார் வேண்டும் என்றான். வீமனைக் கேட்டால் பலம் கிடைக்கும். அருச்சுனனைக் கேட்டால் போரிலே வெற்றி கிடைக்கும். தருமன் நகுலனைக் கேட்டான். குந்தியின் பிள்ளைகளில் நான் ஒருவன் இருக்கிறேன், மாத்திரிக்கும் ஒரு பிள்ளை இருக்கட்டும் என்று காரணம் சொன்னான். பாரதம் முழுவதிலும் நகுலன் எல்லோருக்கும் முன்னே வந்து நிற்கும் இடம் இது ஒன்றுதான் என்பது எமது எண்ணம். அப்பொழுதும் அவன் பேசவில்லை, மூச்சற்றுக் கிடக்கிறான்.

பாட்டியார் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க ரெண்டு பேரு ராசா."

இரட்டைப் பிள்ளைகள். பின்னாலே பிறந்தவன் நிறை குறைவு. எட்டாம் நாள் போய்விட்டான். பெயரிடுமுன்னே போய்விட்டான். எமது தாயார் இதை எம்மிடம் சொன்னதேயில்லை. வீட்டில் எவரும் சொன்னதில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்து பெயர் வைக்கும்போது, என்ன பெயர் என்று கேட்டவர்களுக்குப் பாட்டனார் சொன்னாராம்: "பொய்கைக் கரையில ஒருத்தனைத்தான் தருவேன்டு சொன்ன நேரம் தருமர் கேட்டது நகுலனை. எங்களுக்கும் ஒருத்தனைத் தந்திருக்கு. அதே பேரா இருக்கட்டும்."

கதையில் மற்ற மூவரும் பிறகு எழுந்தார்கள் என்பதைப் பாட்டியாருக்கு நினைவூட்ட எமக்கு வாய் வரவில்லை. அவருக்கு அது தெரியாததுமன்று. பாட்டனாரும் அறிந்தே அங்கே புத்தகத்தை மூடியிருப்பார்.

அன்று இரவு சத்தியக் கடதாசியை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கிழித்தெறிந்தோம் என்று சொன்னாற் கேட்க நன்றாயிருக்கும். கிழிக்கவில்லை. அதன் பின்புறம் வெறுமையாயிருந்தது. நூல்நிலையத்திற் கண்டவற்றுக்குக் குறிப்பெழுதிக்கொண்டோம். இப்போது உங்கள் முன் கையில் வைத்திருப்பது அத்தாள்தான்.

இனியும் இரண்டொன்று சொல்லி முடிப்போம். தமிழிலே நகுலன் என்று புனைபெயர் வைத்துக்கொண்ட எழுத்தாளர் ஒருவர் இருந்தார். கும்பகோணத்தில் 1921-ல் பிறந்த டி. கே. துரைசாமி அவர்கள். திருவனந்தபுரத்திலே மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராயிருந்து, தமிழிலே 'நினைவுப் பாதை' முதலிய நாவல்களும் கவிதைகளும் எழுதி, 2007-ல் மறைந்தார். கிறிஸ்தவக் கல்லூரியிலே ஆங்கிலம் கற்பித்தவர் நகுலன் என்று தாமாகவே பெயர் பூண்டதை அறிந்தபோது, அப்பெயரை விட்டோடிய மிஷன் பாடசாலை மாணவனுக்கு என்ன தோன்றியிருக்கும்! சாவகத்திலே தோற்பாவைக் கூத்தில் நகுலனுக்கு இளமைப் பெயர் பிந்தென், சகாதேவனுக்குத் தங்சென். அங்கே எப்போதும் இருவரையும் சேர்த்தே ஆட்டுவார்கள்.

மற்றொன்று நமது சிங்களச் சகோதரர் போற்றும் பாளி நூல்களிலே உள்ளது. பக்க நாட்டிலே சும்சுமாரகிரி என்னும் ஊரில் ஒரு முதிய தம்பதிகள் இருந்தனர். உடல் நலிந்து வந்த கிழவருக்கு, உடம்பு நோயுற்றாலும் மனம் நோயுறாதிருக்கப் பழகுக என்று புத்தர் பெருமான் உபதேசித்தார். கிழவர் நோயிற் கிடந்தபோது, எம்மைப் பற்றிய கவலையோடு இறந்துபோகாதீர், நூல் நூற்றாயினும் பிள்ளைகளைக் காப்பேன் என்று தேற்றியவர் கிழவியார். இல்லறத்தாருள் தம்மோடு மிக நெருங்கிய நம்பிக்கையுடையோர் இவ்விருவர் என்று புத்தர் சிறப்பித்தார். இவர்களின் சொந்தப் பெயர் என்னவென்றால், நூல்களில் அப்பெயர்கள் வழங்கவில்லை. நகுலபிதா, நகுலமாதா, நகுலனுடைய தகப்பன், நகுலனுடைய தாய். அந்த நகுலன் என்ன செய்தான் என்று அவ்விடத்திலே ஒரு வரியும் இல்லை. தாய் தகப்பனுக்குப் பெயராக மட்டும் இருந்தான்.

இதைப் படித்தபோது எமது தாயாரை நினைத்தோம். கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் மீன் வாடியிலும் அவரைச் சொந்தப் பெயர் சொல்லி அழைப்பவர் இல்லை. 'நகுலன்ட அம்மா' என்றே அழைக்கிறார்கள். நாம் பெயரை மாற்றினால் அவருடைய பெயரும் அல்லவா போயிருக்கும்? அதற்கு அவர் எந்தச் சத்தியக் கடதாசியிலும் கையொப்பம் இடவில்லை.

விடுமுறை முடிந்து போனவுடன் காரியாலயத்துக்குச் சென்று, பிறப்புச் சான்றிதழ் இருந்தபடியே இருக்கட்டும், பரீட்சைச் சான்றிதழைத் திருத்தித் தாருங்கள் என்று விண்ணப்பித்தோம். அதற்கு வேறு பத்திரங்கள், வேறு முத்திரைகள், வேறு வரிசை. எளிதான வழியை விட்டுக் கடினமான வழியைப் பிடிக்கிறீரே என்று மேசைக்குப் பின்னாலிருந்தவர் இரங்கினார். பெயர் என்ன என்று கேட்டார். சொன்னோம். "கீரிமலைப் பக்கமா?" என்றார். "இல்லை ஐயா, உடப்பு" என்றோம்.

திருத்திய சான்றிதழ் இன்னும் வந்து சேரவில்லை. ஆகையால் எமது வகுப்பு இடாப்பிலே இரண்டு பெயர்கள் தனித்தனி வரியில் இருக்கின்றன. விரிவுரையாளர் ஒவ்வொரு நாளும் இரண்டையும் அழைக்கிறார். நிக்கலஸ் என்பவர் பல மாதங்களாக வகுப்புக்கு வரவில்லை.